திகதியைச் சொல்லுங்கள்

சென்ற வருடம் ஜூன் மாதம், கட்டுகஸ்தோட்டையில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு கிழமையில் எனக்குக் காய்ச்சல் வந்தது. முதல் நாள் தலையிடியும் கண்ணுக்குப் பின்னால் ஒரு வலியும். உம்மா கொத்தமல்லி அவித்துத் தந்தார், பனடோல் இரண்டு தந்தார். இரண்டாம் நாள் காலையில் மாதவிடாயும் வந்துவிட்டது. அடிவயிறு முறுக்கியது. ராத்தா தன் பையில் எப்போதும் வைத்திருக்கும் மெஃபனமிக் அசிட் குளிசையைத் தந்தார். நம்மில் பலருக்கு அது பழக்கமான குளிசைதான். பாமசியில் “வயிற்றுக்குத்துக் குளிசை” என்று மெதுவாகச் சொன்னால் கடதாசியில் சுற்றித் தந்துவிடுவார்கள். காலையில் ஒன்று, இரவில் ஒன்று போட்டேன்.

மூன்றாம் நாள் வாப்பா என்னை டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போனார். டொக்டருக்கு முன்னால் நான், பக்கத்தில் வாப்பா, பின்னால் வாங்கில் அடுத்த நோயாளி. நம் ஊர் டிஸ்பென்சரிகளில் அடுத்த நோயாளி உள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்வது உங்களுக்கும் தெரியும்.

“வேறு மருந்து ஏதும் எடுத்தீங்களா?” என்று டொக்டர் கேட்டார்.

“இல்லை.”

“வயிற்றில் வலி இருக்கா?”

“இல்லை.”

இரண்டும் பொய். வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக நான் பொய் சொன்னதில்லை.

நல்லவேளையாக, என் பதிலை மட்டும் நம்பாமல் டொக்டர் இரத்தம் சோதிக்கச் சொன்னார். குருதிச் சிறுதட்டுகள் ஒரு இலட்சத்துக்குக் கீழே இறங்கியிருந்தன. குறைந்தது ஒன்றரை இலட்சமாவது இருக்க வேண்டியவை அவை. அன்று மாலையே வைத்தியசாலையில் அனுமதித்தார்கள். டெங்கு. பெண்கள் வார்ட்டில் இருந்த பெண் டொக்டர் என் பெயருக்கு அடுத்ததாகக் கேட்டது, கடைசி மாதவிடாய் எந்தத் திகதி என்பதுதான். அப்போதுதான் சொன்னேன். குளிசையையும் சொன்னேன். அவருடைய பேனை நின்றது. ஏசவில்லை. ஆனால் என் கட்டில் அட்டையில் எதையோ சிவப்பு மையில் எழுதிக் கோடிட்டார். அதற்குப் பிறகு தாதிமார் எத்தனை பேட் மாற்றினேன் என்று கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். ஆறாம் நாள் வீடு வந்தேன், அல்ஹம்துலில்லாஹ்.

குளிசையால்தான் எனக்கு வருத்தம் கூடியது என்று நான் சொல்லவில்லை. அந்த இரண்டு பொய்களும் எங்கிருந்து வந்தன என்பதைத்தான் அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உயர்தரத்தில் நான் உயிரியல் படிக்கிறேன். நம் பாடத்தில் நிர்ப்பீடனம் ஓர் இடத்தில் வருகிறது, இனப்பெருக்கம் இன்னோர் இடத்தில் வருகிறது. இரண்டுக்கும் தனித்தனியாகக் குறிப்பெழுதி, தனித்தனியாக மனனம் செய்து, தனித்தனியாக மறந்தும் விடுகிறோம். ஆனால் உடம்பு அப்படிப் பாடம் பிரித்து வைத்திருக்கவில்லை. நோயோடு போராடும் வெண்குழியங்கள் பலவற்றில் ஈஸ்ட்ரஜன், புரஜெஸ்தரோன் ஆகிய ஓமோன்களுக்கான வாங்கிகள் இருக்கின்றன. வீட்டு வாசலில் தபால் பெட்டி இருப்பது போல. சூலகம் மாதம் முழுவதும் அனுப்பும் கடிதங்கள் கருப்பைக்கு மட்டும் போவதில்லை, காவற்படைக்கும் போய்ச் சேருகின்றன.

அதற்கு ஒரு காரணம் உண்டு. கருப்பையில் ஒரு முளையம் தங்கினால் அதில் பாதி தந்தையுடையது. தாயின் நிர்ப்பீடனத் தொகுதிக்கு அது பாதி அந்நியன். கண்டவுடன் தாக்கினால் மனித இனமே இருக்காது. அதனால் சூல் வெளியேறியபின் புரஜெஸ்தரோன் உயரும்போது கருப்பையின் உட்சுவரில் விசேடமான காவற்கலங்கள் வந்து கூடுகின்றன. தாக்குவதற்கு அல்ல, வரவேற்கத் தயாராக. உடம்பின் மற்ற இடங்களிலும் சில வகை எதிர்ப்புச் செயல்கள் கொஞ்சம் தணிகின்றன. முளையம் வராவிட்டால் புரஜெஸ்தரோன் சடுதியாகக் குறைகிறது. அந்தக் குறைவே மாதவிடாயின் மணியோசை. வெண்குழியங்கள் உட்சுவருக்குள் நுழைகின்றன, அழற்சி உண்டாகிறது, சுவர் உதிர்கிறது. அதாவது மாதவிடாய் வெறும் “கெட்ட இரத்தம்” போவது அல்ல. உம்மும்மா அப்படித்தான் சொல்வார், அவருக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். உண்மையில் அது நிர்ப்பீடனத் தொகுதி கூடவே நின்று நடத்தும் வேலை. இதைவிட எனக்குப் பிடித்தது அடுத்து நடப்பது. உதிர்ந்த அந்தப் புண் சில நாட்களில் ஆறிவிடுகிறது, தழும்பே இல்லாமல். முழங்காலில் சின்ன வயதில் விழுந்த தழும்பு எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனால் மாதா மாதம் காயப்பட்டு மாதா மாதம் ஆறும் கருப்பைச் சுவரில் தழும்பு விழுவதில்லை. ஸுப்ஹானல்லாஹ் என்று சொல்லாமல் அந்தப் பகுதியை என்னால் வாசிக்க முடியவில்லை.

இப்போது என் குளிசைக்கு வருகிறேன். மாதவிடாய் வலியைத் தருவது புரொஸ்டாகிளாண்டின் என்ற பதார்த்தம். அழற்சியின்போது உண்டாகிக் கருப்பைத் தசையை இறுக்குகிறது. மெஃபனமிக் அசிட், ஐபுபுரோபன் போன்றவை அதை உண்டாக்கும் நொதியத்தைத் தடுக்கின்றன, வலி குறைகிறது. ஆனால் அதே வகை நொதியம் குருதிச் சிறுதட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி இரத்தத்தைக் கட்டுப்படுத்தவும் தேவை. இரைப்பையின் உட்சுவரைப் பாதுகாக்கவும் தேவை. டெங்குவில் சிறுதட்டுகள் ஏற்கெனவே குறைந்துபோயிருக்கும். அந்த நேரத்தில் இருப்பவற்றின் கையையும் கட்டினால் என்ன ஆகும்? அதனால்தான் டெங்கு என்று சந்தேகம் இருக்கும் காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டும், வேறு வலிநிவாரணி வேண்டாம் என்று நம் சுகாதாரத் துறையினர் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். சுவரொட்டியில் நானும் வாசித்திருக்கிறேன். ஆனால் என் மனதில் அது “காய்ச்சல் குளிசை” பற்றிய எச்சரிக்கை. நான் போட்டது “வயிற்றுக்குத்துக் குளிசை” அல்லவா? வேறு அலுமாரி, வேறு விடயம், வேறு இரகசியம்.

இதைவிடப் பயங்கரமானது வயிற்று வலி. டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். அப்போது இரத்தத்தின் நீர்ப்பகுதி குழாய்களிலிருந்து கசியத் தொடங்கலாம். அதன் எச்சரிக்கை அடையாளங்களில் ஒன்று கடுமையான வயிற்று வலி. மாதவிடாய் அளவுக்கு மீறிப் போவதும் அப்படியான ஓர் அடையாளம்தான். இரண்டையும் ஒரு பெண்பிள்ளை எப்படி விளங்கிக்கொள்வாள்? “இது அதனால்தான்” என்று போர்வைக்குள் சுருண்டு படுத்துக்கொள்வாள். வீட்டில் கேட்டால் “ஒண்ணுமில்ல” என்பாள். காய்ச்சலும் குறைந்துவிட்டதே என்று வீட்டாரும் நிம்மதியாக இருப்பார்கள். 2017-ல் இலங்கையில் 186,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு டெங்கு வந்தது, 400-க்கும் மேற்பட்டோர் மரணித்தார்கள். நம் கண்டி மாவட்டம் ஒவ்வொரு மழைக்காலத்திலும் டெங்குவைப் பார்க்கிறது. நுளம்பு பருவமடைந்த பிள்ளையா என்று பார்த்துக் கடிப்பதில்லை. காய்ச்சலும் மாதவிடாயும் ஒரே கிழமையில் வருவது அபூர்வமும் அல்ல. மாதத்தில் ஐந்து நாள் என்றால் ஆறில் ஒரு நாள்.

டெங்குவோடு இது முடிவதில்லை. நம் வகுப்பில் இன்ஹேலர் வைத்திருக்கும் தோழிகள் இருக்கிறார்கள். ஆஸ்துமா உள்ள பெண்களில் கணிசமானோருக்கு மாதவிடாய்க்கு முந்திய நாட்களில் இழுப்புக் கூடுவது மருத்துவ உலகில் நன்கு அறியப்பட்ட விடயம். தன்னுடலையே தாக்கும் லூபஸ் நோய் உள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். அவர்களிலும் சிலருக்கு மாத வட்டத்தோடு மூட்டுவலியும் களைப்பும் ஏறி இறங்கும். “எனக்கு மாதாமாதம் தடிமன் வருகிற மாதிரி இருக்கு” என்று சொல்லும் தோழியைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். இனிச் சிரிக்க மாட்டேன்.

ஆராய்ச்சியாளர்களும் நெடுங்காலம் எங்களைப் போலவே வாய் திறக்காமல் இருந்திருக்கிறார்கள் என்பது எனக்கு வியப்பாக இருந்தது. 1977-ல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் பிள்ளை பெறும் வயதுப் பெண்களை மருந்துப் பரிசோதனைகளின் ஆரம்பக் கட்டங்களில் சேர்க்க வேண்டாம் என்று அறிவுறுத்தியது. 1993-ல்தான் அது மாற்றப்பட்டது. கொவிட் தடுப்பூசிப் பரிசோதனைகளிலும் மாதவிடாயைப் பற்றி முறையாகக் கேட்கவில்லை. விளைவு என்ன? ஊசி போட்ட பெண்கள் “திகதி மாறிவிட்டது” என்று உலகெங்கும் தாங்களே சொல்லத் தொடங்கினார்கள். பதில் சொல்ல ஆளில்லாத இடத்தில் வதந்தி வந்து உட்கார்ந்துகொண்டது. 2022 ஜனவரியில் நம் வயதுப் பிள்ளைகளுக்குப் பைசர் ஊசி போட்டபோது நான் தரம் 8. வரிசையில் ஒரு முணுமுணுப்பு ஓடியது: “அது வந்திருக்கிறவங்க போடக்கூடாதாம். பிறகு பிள்ளையே கிடைக்காதாம்.” இரண்டு பேர் வயிற்று வலி என்று சொல்லி வரிசையை விட்டு விலகினார்கள். அதே ஜனவரியில்தான் அமெரிக்காவில் ஏறக்குறைய 4,000 பெண்களின் மாத வட்டக் குறிப்புகளை வைத்துச் செய்த ஆய்வு வெளிவந்தது. ஊசிக்குப் பின் வட்டம் நீண்டது உண்மை, ஆனால் சராசரியாக ஒரு நாளுக்கும் குறைவாக. பிறகு அது பழைய நிலைக்குத் திரும்பியது. அந்தப் பெண்கள் சொன்னதும் பொய்யில்லை, நாங்கள் பயந்ததற்கும் காரணமில்லை. முதலிலேயே கேட்டிருந்தால் வரிசையில் அந்த முணுமுணுப்பு வந்திருக்காது.

“இப்படியெல்லாம் எழுதினால் பெண்கள் மாதத்தில் பாதி நாள் பலவீனமானவர்கள் என்று ஆகிவிடாதா?” என்று ஒரு தோழி கேட்டாள். நியாயமான கேள்வி. ஆனால் மாறுவது வேறு, பலவீனமாவது வேறு. தடுப்பூசிகள் பலவற்றுக்கு ஆண்களைவிடப் பெண்களின் உடம்பே கூடுதலாகப் பிறபொருளெதிரிகளை உண்டாக்குகிறது. மாத வட்டத்தின் ஏற்ற இறக்கமும் ஆரோக்கியமான பிள்ளைக்குப் பெரும்பாலும் தெரியாத அளவு சிறியது. ஆய்வுகளும் எல்லாம் ஒரே குரலில் பேசுவதில்லை. ஆகவே “பீரியட்ஸ் வந்தால் எதிர்ப்புச் சக்தி போய்விடும், குளிக்காதே, தலை நனைக்காதே” என்று சொல்ல இதை யாரும் ஆதாரமாக எடுக்க வேண்டாம். அப்படிச் சொல்பவர்களை உண்மையான காரணம் ஒன்றின் பக்கம் திருப்பிவிட விரும்புகிறேன். அது இரும்புச் சத்து.

சாதாரணமாக ஒரு மாதவிடாயில் 30 முதல் 40 மில்லிலீற்றர் இரத்தம் போகிறது. ஒரு மில்லிலீற்றரில் ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு. ஆக மாதம் 15 முதல் 20 மில்லிகிராம். இரும்பு செங்குழியத்துக்கு மட்டும் என்று நினைக்கிறோம். கிருமியைக் கண்டதும் வெண்குழியங்கள் பெருகுவதற்கும் இரும்பு வேண்டும். அது குறைந்தால் காவற்படை மெலிகிறது. பாடசாலையில் தரும் இரும்புக் குளிசையை நாங்கள் என்ன செய்கிறோம் என்பதை இங்கே எழுதினால் ஆசிரியைகள் வாசித்துவிடுவார்கள். பூச்சாடிகள் சாட்சி. அதோடு நாம் வாழ்வது தேயிலை நாட்டில். ஜேம்ஸ் டெய்லர் 1867-ல் முதல் தேயிலைத் தோட்டம் போட்ட லூல்கந்துர இங்கிருந்து தூரமில்லை. சோறு தின்று கை கழுவிய உடனே பிளேன்டீ இல்லாவிட்டால் நம் வீடுகளில் சாப்பாடு முடிந்ததாகவே கணக்கில்லை. ஆனால் தேநீரில் உள்ள தனின் போன்றவை கீரை, பருப்பு ஆகியவற்றிலுள்ள இரும்பைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்புக்குள் போக விடுவதில்லை. உறிஞ்சப்படுவது பாதிக்கும் கீழே போய்விடும். தேநீரை விடச் சொல்லவில்லை, அப்படிச் சொன்னால் வாப்பா இந்தக் கட்டுரையையே வாசிக்க மாட்டார். ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடிப்போம். முருங்கை இலைச் சுண்டலுக்கும் வல்லாரைச் சம்பலுக்கும் தேசிக்காய் பிழிவோம். அதிலுள்ள விற்றமின் சி இரும்பை உள்ளே எடுக்க உதவும்.

நோன்பு மாதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாதவிடாய் நாட்களில் நோன்பு நோற்பதிலிருந்து அல்லாஹ் எங்களுக்கு விலக்களித்திருக்கிறான். நாங்கள் அந்த விலக்கை என்ன செய்கிறோம்? நானாவும் தம்பியும் கண்டுவிடுவார்கள் என்று ஸஹருக்கு எழும்புகிறோம். பகலில் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு நின்றபடி ஒரு வாய் பாண் தின்கிறோம். சத்தம் கேட்குமோ என்று தண்ணீர்ப் போத்தலைக்கூடத் திறப்பதில்லை. இரத்தம் போகும் நாளில் நீரும் இல்லை, உணவும் இல்லை. நன்மையும் இல்லை, ஏனென்றால் அது நோன்பே இல்லை. வீதியில் இறங்கி எல்லார் முன்னிலையிலும் சாப்பிடச் சொல்லவில்லை. சொந்த வீட்டுக்குள் ஒரு பிள்ளை உட்கார்ந்து ஒரு கோப்பை கஞ்சி குடிக்க முடியாதா?

வெட்கம் ஈமானின் ஒரு பகுதி என்று சிறு வயதிலிருந்தே படித்திருக்கிறோம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அன்ஸாரிப் பெண்கள் மாதவிடாய்க் குளிப்பைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் நேரே கேட்டறிந்தார்கள் என்றும், மார்க்கத்தை விளங்கிக்கொள்ள வெட்கம் அவர்களைத் தடுக்கவில்லை என்று ஆயிஷா (ரலி) அவர்கள் புகழ்ந்தார்கள் என்றும் அதே வகுப்பில்தான் படித்தோம். கேட்டது ஒரு மஸ்அலாவுக்காக. உயிருக்காகக் கேட்பதில் என்ன குறை?

உண்மையில் நம் சமூகப் பெண்களைவிட இந்தக் கணக்கை நுட்பமாக வைத்திருப்பவர்கள் குறைவு என்று நினைக்கிறேன். எந்த வக்தில் தொடங்கியது, எந்த வக்தில் சுத்தமானோம், எத்தனை நோன்பு கழா என்று நாளும் நேரமும் நமக்குத் தெரிய வேண்டும். நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் பதினைந்து நாளைக் கடந்தால் அது ஹைள் அல்ல, இஸ்திஹாழா. வேறு சட்டம். அளவுக்கு மீறியதை வேறாகப் பார்க்க நம் உம்மும்மாமாருக்கு டொக்டர்கள் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. (டொக்டர்மார் பதினைந்து நாள் பொறுக்க மாட்டார்கள். ஏழெட்டு நாளைத் தாண்டினாலே வந்து காட்டச் சொல்கிறார்கள்.) எங்கள் வீட்டுக் குசினிச் சுவரில் பள்ளிவாசல் கலண்டர் தொங்குகிறது. அதில் பென்சிலால் சின்னச் சின்னப் புள்ளிகள். பால்காரருக்குக் கொடுக்க வேண்டிய கணக்கு என்று பல வருடம் நினைத்திருந்தேன். உம்மாவின் கழா நோன்புக் கணக்கு அது. ஒரு மருத்துவர் கேட்டால் தங்கம் போல எடுத்துக்கொள்ளக்கூடிய குறிப்பு. அது சுவரிலேயே தொங்குகிறது, டிஸ்பென்சரி வரை வருவதில்லை.

பெற்றோரிடம் எனக்குள்ள வேண்டுகோள் சிறியது. காய்ச்சல் என்று மகளைக் கூட்டிப் போனால் திகதியையும் போட்ட குளிசைகளையும் முன்கூட்டியே கேட்டு, ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுங்கள். வாயால் சொல்ல வெட்கமென்றால் கடதாசிக்கு வெட்கமில்லை. வாப்பாமார் இரண்டு நிமிடம் வெளியே நின்றால் போதும். வைத்தியசாலையில் எல்லாம் தெரிந்த பிறகு என் வாப்பா கோபப்படவில்லை. “சொல்லியிருந்தா என்ன மகள், நான் வெளியில நின்டிருப்பேனே” என்றார். டெங்குவைவிட அந்த வார்த்தைதான் என்னைக் கூடுதலாக அழ வைத்தது.

சென்ற நவம்பரில் தங்கச்சிக்குக் காய்ச்சல். உம்மாவும் நானும் கூட்டிப் போனோம், அதே டிஸ்பென்சரி, அதே வாங்கு, அதில் அடுத்த நோயாளி. டொக்டர் வாயைத் திறக்கும் முன்பே உம்மா, “பிள்ளைக்கு நேத்திலிருந்து தொழுகை இல்ல டொக்டர்” என்றார். டொக்டருக்கு அந்தத் தமிழ் விளங்கவில்லை. பிள்ளை ஏன் தொழவில்லை என்று தன்னிடம் முறையிடுகிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ. நான் சிங்களத்தில் சொன்னேன், நேரடியாக, திகதியோடு. வாங்கில் இருந்தவர் மின்விசிறியைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். டொக்டர் எழுதிக்கொண்டு, பரசிட்டமோலைத் தவிர வேறெதுவும் கொடுக்க வேண்டாம், மூன்றாம் நாள் இரத்தம் பார்ப்போம் என்றார். பார்த்தோம். டெங்கு இல்லை, சாதாரண வைரஸ் காய்ச்சல். தங்கச்சி அடுத்த கிழமையே பாடசாலைக்குப் போனாள். அவளுக்கு இப்போது ஒரே கவலை, நான் இதையெல்லாம் கல்லூரிச் சஞ்சிகையில் எழுதுகிறேன் என்பதுதான்.